எலக்ட்ரான் கிரிவலம்

எங்கள் ஊருக்கு வேலையாக வருகிறவர்கள் எல்லோரும் பௌர்ணமியன்றுதான் வருவார்கள். கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர், கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்க வருகிற குழு, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினை விற்க வருகிற ஆள், எல்லோருக்கும் மாதத்தில் அந்த ஒரு தேதிதான் தோதுப்படும். ஆபீஸ் செலவில் வந்து இறங்கி, அண்ணாமலையாரைப் பார்த்து, கிரிவலம் போய்விட்டு, மிச்சமிருக்கிற நேரத்தில் வந்த வேலையையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஊருக்குள் வண்டி நுழையாது, ஆட்டோ கிடைக்காது, ஓட்டலில் உட்கார இடமிருக்காது, ஆபீஸ்களில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். அதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை.

ஆகவே 2004-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், பெங்களூரிலிருந்து டாக்டர் ஆதிமூலம் போன் செய்து, என் இயந்திரத்தைப் பார்வையிட வருவதாக ஒரு தேதியைச் சொன்னபோது நான் காலண்டரைத் திருப்பவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"சார், வேற எந்த நாள் வேணும்னாலும் வாங்க. அன்னிக்கு மட்டும் வேணாம் சார்."

"ஏம்மா, காலேஜ் லீவா?"

"லீவு இல்ல சார். எங்க லேப் செங்கம் ரோட்டு மேலயே இருக்குது. அன்னிக்கு பூரா ஜனம் நடக்கும். தரை அதிரும்."

"மனுஷங்க நடந்தா தரை அதிருமா?" என்று சிரித்தார். இருபது வருஷமாக பிளாஸ்மாவோடு மல்லுக்கட்டிய விஞ்ஞானி கேட்கிற கேள்வி.

"அதிரும் சார். அளவு எடுக்க முடியாது."

"அதெல்லாம் சராசரி எடுத்துக்கலாம்மா. என் மாமியார் வேற ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்காங்க."

மாமியாருக்கு எதிராக இயற்பியலில் ஒரு விதியும் கிடையாது. போனை வைத்துவிட்டேன்.

என் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். யாருக்குச் சொன்னாலும் கடைசியில் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும் என்றாலும் சொல்கிறேன். அது விண்கலத்தை உந்துகிற பிளாஸ்மா என்ஜின். ராக்கெட்டா என்று கேட்பார்கள். ஒரு வகையில் ஆமாம் என்பேன். எங்கிருந்து விடுவீர்கள், மலை மேலிருந்தா என்பார்கள். புகை வராது, சத்தம் வராது, பூமியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட அதனால் தூக்க முடியாது என்று சொன்னதும் முகம் சுருங்கிவிடும். அது கொடுக்கிற விசை, கோயிலில் வாங்குகிற அர்ச்சனைச் சீட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான். "இதுக்கா இவ்ளோ பெரிய தொட்டி?" என்று என் கணவரே கேட்டார்.

இதற்குத்தான். காற்றும் உராய்வும் இல்லாத வெளியில் அர்ச்சனைச் சீட்டின் கனத்தோடு ஒரு கலத்தைத் தள்ளுங்கள். ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் தெரியாது. நிறுத்தாமல் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தால், கொள்ளை எரிபொருளைச் சில நிமிஷத்தில் எரித்துத் தீர்க்கிற ராக்கெட் கொடுக்கமுடியாத வேகம் வரும். காரணம், நெருப்பு தள்ளுகிற வாயு நொடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மின்சாரம் தள்ளுகிற வாயு பத்து, பதினைந்து என்று போகிறது. கொஞ்சம் வாயுவே நெடுநாள் வரும். ஐரோப்பாக்காரர்கள் முந்தைய வருஷம் இதே மாதிரி என்ஜினோடு ஒரு கலத்தை நிலாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆதிமூலம் போன் செய்த சமயத்தில் அது பூமியைச் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நான் இதை வகுப்பில் சொன்னபோது, "பஸ்ல போனா சீக்கிரம் போயிருக்கலாமே மேடம்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

பெங்களூரில் ஆதிமூலத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்தேன். என் கணவர் வளவனுக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம். எனக்கு இந்தத் தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலை. பெங்களூரில் ஓரங்கட்டிப் போட்டிருந்த ஒரு பழைய வெற்றிடத் தொட்டியைக் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி இங்கே கொண்டுவந்தேன். ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம், அவ்வளவு பெரிய எவர்சில்வர் உருளை. பம்புகள் அதிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிவிட்டால் உள்ளே கிட்டத்தட்ட விண்வெளி. அதற்குள் என் கையளவு என்ஜின், மெல்லிய உருக்குப் பட்டைகளில் ஊஞ்சல்போலத் தொங்கும். என்ஜின் வாயுவை முன்னால் எறிந்தால் ஊஞ்சல் தலைமுடி அளவுகூட இல்லாமல் பின்னால் நகரும். அந்த நகர்வைக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடாகப் பார்க்கலாம். கோடு மேலே ஏறினால் என்ஜின் தள்ளுகிறது என்று அர்த்தம்.

இரவல் காலம் முடிந்திருந்தது. கோடு ஏறுவதை ஆதிமூலம் தன் கண்ணால் பார்த்து எழுதிக்கொடுத்தால் தொட்டி இன்னும் மூன்று வருஷம் இங்கே இருக்கும். இல்லையென்றால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். தொட்டி போனபிறகு நான் யார்? ஒளியைப் பிரித்துக் காட்டுகிற கண்ணாடிப் பிரிசத்தைத் திருப்பிவைத்து, "மேடம் கோடு தெரியல" என்கிற பையன்களுக்குக் கோட்டைக் காட்டி, அடுத்த வருஷம் அடுத்த பையன்களுக்கு அதையே காட்டி, அப்படியே ரிட்டையர் ஆகவேண்டியவள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

தொட்டிக்கு இடம் கொடுத்தவர் எங்கள் தாளாளர் அப்பாசாமி. ரைஸ் மில் வைத்து முன்னுக்கு வந்து, பிறகு கல்லூரி ஆரம்பித்தவர். வேங்கிக்கால் பக்கம் புதுக் கட்டடம் வந்ததும், செங்கம் சாலையில் காலியாகக் கிடந்த பழைய கட்டடத்தில் ஒரு பெரிய அறையையும் ஒரு ஜெனரேட்டரையும் எனக்கு ஒதுக்கினார். மனிதர் அறிவியலுக்காக அதைச் செய்யவில்லை. நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதால் செய்தார்.

முதல் நாள் அவருக்கு என்ஜினை விளக்கினேன். வளையமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் பாசிட்டிவ் தகடு. வெளியே ஓர் இழை, பல்பின் இழைபோலச் சூடாகி எலக்ட்ரான்களைக் கக்கும். அவை தகட்டை நோக்கிப் பாயப் பார்க்கும். குறுக்கே காந்தப்புலம் நின்றுகொண்டு நேரே போகவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடும். தகட்டைச் சேரமுடியாமல் எலக்ட்ரான்கள் அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். சுற்றுகிற போக்கில் ஆர்கான் வாயுவின் அணுக்கள்மீது மோதி அவற்றின் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். எலக்ட்ரானை இழந்த அணு கனமானது, காந்தத்துக்கு மசியாது. மின்னழுத்தம் அதை நேராக வெளியே வீசிவிடும். வீசியதன் எதிர்விசைதான் உந்துவிசை. இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதனால், "கிரிவலம் போற மாதிரி சார், எலக்ட்ரானெல்லாம் நடுவுல இருக்கறத சுத்தி சுத்தி வரும்" என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது என்றால் நம்புங்கள்.

அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் இதுதான் பேச்சு. கல்லூரி ஆண்டுவிழா பேனரில் மலை, மலைக்குமேல் பிழம்பு கக்குகிற ராக்கெட், மலையைச் சுற்றி நீலப் புள்ளிகள். "அணுவும் வலம் வரும் அண்ணாமலை" என்று தலைப்பு. நானும் கிரிவலம் போகிறவள்தான், அண்ணாமலையாரிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவர் பெயரைச் சொல்லி என் உயிரை வாங்குகிறவர்களோடுதான் சண்டை.

ஆதிமூலம் வருவதற்கு முந்தைய வாரம் தாளாளர் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். தொட்டியின் கண்ணாடிச் சன்னலில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா தேவிப்ரியா, இது வலமா சுத்துதா, இடமா சுத்துதா?"

என்னை யாராவது அப்போது அறைந்திருக்கவேண்டும். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். "இங்க நின்னு பாத்தா இடம் சார்."

"அய்யய்யோ."

"அதனால ஒண்ணுமில்ல சார். எப்படி சுத்தினாலும் தள்ளறது ஒரே அளவுதான்."

"அப்பிரதட்சணம்மா! இந்த ஊர்ல போயி!"

"பின்னாடி நின்னு பாத்தா இதே வலம்தான் சார்."

"சாமிய யாராவது பின்னாடி நின்னு கும்பிடுவாங்களா?" என்றவர் கொஞ்சம் யோசித்து, "எப்படி சுத்தினாலும் ஒண்ணுதான்னு நீயே சொல்றியே, அப்ப வலமாவே சுத்த விட்டா உனக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

நஷ்டம் ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். காந்தச் சுருள்களில் மின்சாரம் பாய்கிற திசையை மாற்றினால் போதும், எலக்ட்ரான் எதிர்த்திசையில் சுற்றும். தொட்டியைத் திறக்கக்கூட வேண்டாம், சுருள்களின் முனைகள் வெளியே ஒரு பலகையில்தான் இருந்தன. ஆனால் இன்றைக்கு இதற்குத் தலையாட்டினால் நாளைக்கு ராகுகாலத்தில் பம்பைப் போடாதே என்பார். மறுநாள் எமகண்டத்தில் ஆர்கான் விடாதே என்பார். வயரை மாற்றிப் போட்டால் போதும்தான், ஆனால் முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று போய்விட்டார். அவ்வளவு சுலபமாக அவர் போனதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

அந்தப் பௌர்ணமியன்று பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஆதிமூலம் வரவில்லை. விடியற்காலையிலேயே ஊருக்கு வந்துவிட்டாராம். "மொதல்ல சாமி வேலைய முடிச்சிட்டு வந்துடறேம்மா" என்று போனில் சொன்னார். அவர் மலையைச் சுற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ஜின் ஓடாமலேயே கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே கூட்டம் கூடக்கூட நடுக்கமும் ஜாஸ்தியானது. வெறுங்கால்கள்தான், ஆனாலும் எத்தனை ஆயிரம் கால்கள். அர்ச்சனைச் சீட்டின் கனத்தை அளக்கிற கருவிக்கு அது பூகம்பம்.

நான்கு மணிக்கு வந்தார். வேட்டி, நெற்றி நிறைய விபூதி, உள்ளங்கால்களில் கொப்புளம். ஆய்வுக்கூடத்தின் உதவியாளர் வேடியப்பன் அவருக்கு ஒரு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். விஞ்ஞானி பக்கெட்டுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, "ஆரம்பிங்கம்மா. ஆறு மணிக்குள்ள கெளம்பணும், வண்டிய வேங்கிக்கால்ல விட்டுட்டு வந்திருக்கோம், மாமியாரால இனிமே ஒரு அடி வைக்க முடியாது" என்றார். தாளாளரும் அவர் மனைவி தனமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தனம்மாள் ஒரு சம்படத்தில் சுண்டல் கொண்டுவந்திருந்தார். என் வாழ்க்கை முடிவாகிற இடத்தில் சுண்டல் விநியோகம் நடந்தது.

இழையைச் சூடாக்கினேன். ஆர்கானை விட்டேன். மின்னழுத்தத்தைக் கொடுத்தேன்.

சன்னலில் வெளிச்சம் தெரிந்தது. ஆனால் என் வெளிச்சம் இல்லை அது. எப்போதும் வளையம் கூர்மையாக ஒளிர்ந்து, அதிலிருந்து ஊதாநிறத்தில் ஒரு கற்றை நேராக நீளும். அன்றைக்குத் தொட்டி முழுக்க மங்கலாக, கஞ்சி கொட்டியதுபோலப் பரவி நின்றது. மின்னோட்டம் எகிறிப்போய் சப்ளை தானாகவே அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே கதை. கோடு நடுங்கியதே தவிர ஒரு மயிரிழை ஏறவில்லை.

"அழுத்தம் சரியா இருக்கா?" என்று ஆதிமூலம் பக்கெட்டிலிருந்து கேட்டார். சரியாக இருந்தது. வாயு கசிகிறதா என்று பார்த்தேன், இல்லை. ஜெனரேட்டர் மின்சாரம் ஆடுகிறதா என்று பார்த்தேன், ஆடவில்லை. மூன்று வருஷமாக ஒழுங்காக ஓடியது, பார்க்கவேண்டியவர் வந்து உட்கார்ந்த அன்றைக்கு இப்படி. ஆதிமூலம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் பலகையைக் கவனித்தேன். வெளிச் சுருளின் இரண்டு முனைகளிலும் சந்தனம் தடவி, மேலே குங்குமம் வைத்திருந்தது. சிவப்பு வயர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு வயர் இருந்தது.

"வேடியப்பன்!"

"மேடம், பெரியவரு சொன்னாருங்க," என்றார் வேடியப்பன். "வலமா சுத்தறதுக்கு வயர மாத்திப் போட்டா போதும்னு நீங்களே சொன்னீங்களாமே. காலையில குளிச்சிட்டு வந்து, சூடம் காட்டிட்டுதான் மாத்தினேங்க."

"இதுல எத்தினி சுருள் இருக்குது, தெரியுமா?"

"ஒண்ணுதானே மேடம்?"

இரண்டு. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி வெளியே ஒன்று. ஒன்று வடதுருவம் என்றால் மற்றது தென்துருவமாக இருக்கவேண்டும், அப்போதுதான் காந்தப்புலம் பள்ளத்துக்குக் குறுக்கே வேலிபோல நிற்கும். ஒன்றை மட்டும் திருப்பினால் இரண்டும் ஒரே துருவம். வேலி கிடையாது. எலக்ட்ரான்கள் வலமும் வரவில்லை, இடமும் வரவில்லை. திறந்துவிட்ட மாடுகளைப்போல நேராகத் தகட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நான் முனையில் கை வைத்தேன். தாளாளர் குறுக்கே வந்து நின்றார்.

"பூஜ பண்ணி மாத்தினத திருப்பி மாத்தக்கூடாதும்மா. அதுவும் இன்னிக்கு."

கத்தியிருப்பேன். தொண்டைவரை வந்துவிட்டது. இவரோடு வாதாட உட்கார்ந்தால் ஆறு மணி ஆகிவிடும், பெங்களூர் வண்டி கிளம்பிவிடும், அடுத்த வாரம் லாரி வரும். வெளிச் சுருளைத் திருப்பக்கூடாது என்றால் திருப்பவேண்டாம். குனிந்து பலகையின் கீழ்வரிசையில் நடுச்சுருளின் முனைகளைக் கழற்றி, அவற்றையும் மாற்றிப் போட்டேன். அரை நிமிஷ வேலை. இரண்டும் திரும்பிவிட்டால் மறுபடி வேலி.

இழை சூடானது. வளையம் கூர்மையாகப் பற்றிக்கொண்டது. ஊதாக் கற்றை நேராக நீண்டது. திரையில் அந்த நடுங்குகிற கோடு, நடுக்கத்தோடு அப்படியே எழுந்து மேலே போய் அங்கேயே நின்று நடுங்கியது. அணைத்தேன், கீழே வந்தது. போட்டேன், ஏறியது. வெளியே ஊரே நடந்துகொண்டிருக்க, உள்ளே ஓர் அர்ச்சனைச் சீட்டின் கனம் தனியாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆதிமூலம் பக்கெட்டிலிருந்து எழுந்து ஈரக்காலோடு திரைக்கு முன்னால் வந்து நின்றார். "பிரமாதம்மா" என்றார்.

அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றது என்கிறீர்கள்? தாளாளர் வாயைத் திறக்கிறவரைக்கும்.

"பாத்தீங்களா சார்? வலமா சுத்தினதும் எப்படி எழும்பிச்சு! மூணு வருஷமா இந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லாத நாளில்ல."

சொன்னதே ஒருநாள்தான். அதை விடுங்கள். என்னால் வேறொன்றை விடமுடியவில்லை. "சார், திசைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டு சுருளையும் திருப்பிப் போட்டு இப்பவே காட்டறேன்" என்றேன்.

"எதுக்கும்மா? அதான் பாத்தாச்சே" என்றார் ஆதிமூலம்.

"இல்ல சார், காட்டிடறேன்."

அவர் இன்னும் ஒன்றும் எழுதிக்கொடுக்கவில்லை. என் இழை பழையது, அணைத்து அணைத்துப் போடுவது அதற்கு ஆகாது, அது போனால் தொட்டியைத் திறந்து புதிது மாட்டி மறுபடி வெற்றிடமாக்க இரண்டு நாள் ஆகும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் கேட்கவில்லை. எலக்ட்ரான் இடமாகச் சுற்றும்படி இரண்டு சுருளையும் திருப்பினேன். சுவிட்சைப் போட்டேன். இழை ஒரு கணம் வெள்ளையாக மின்னிவிட்டு அறுந்தது. உள்ளே இருட்டு.

தாளாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேடியப்பனும் போட்டுக்கொண்டார்.

"இழை அறுந்துடுச்சு, அவ்ளோதான்," என்றேன். "பழைய இழை சார் அது."

"சரிம்மா, சரிம்மா," என்று தாளாளர் மிகவும் கருணையோடு சொன்னார். அந்தக் கருணைக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆதிமூலம் எழுதிக்கொடுத்துவிட்டார். தொட்டி மூன்று வருஷம் இங்கேயே இருக்கலாம் என்று. வாசலில் செருப்பில்லாத காலோடு நொண்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இழைதான் போச்சுன்னு எனக்குத் தெரியாதாம்மா? ஆனா ஒண்ணு. நீங்க நிரூபிச்சுக் காட்டியிருந்தா அந்த மனுஷன் ரூமையும் ஜெனரேட்டரையும் நாளைக்கே திரும்ப வாங்கியிருப்பாரு. ரூம் இல்லாத எடத்துல நான் தொட்டிய வைக்க முடியாது. வலமாவே இருக்கட்டும், விடுங்க."

எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு புது இழை மாட்டினேன். தொட்டியின்மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு பெரிய அம்புக்குறி வந்தது, வலமாக. பௌர்ணமிதோறும் தாளாளர் தன் விருந்தாளிகளை அழைத்து வருவார். "இடமா சுத்தினப்ப நின்னே போச்சு, எங்க கண்ணு முன்னாடி" என்பார். எல்லோரும் சன்னலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு திசையிலும் ஓட்டி அளந்தேன். இரண்டும் ஒரே அளவு, நடுக்கம் போக. யாரிடம் சொல்வது? சொன்னால் அறை போகும், அறை போனால் தொட்டி போகும். ஆறு மாதம் இப்படிப் போனது. வகுப்பில் நியூட்டனின் விதியை எழுதும்போதுகூட எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. இதற்கிடையில் ஐரோப்பாக்காரர்களின் கலம் நிலாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மாசிப் பௌர்ணமியன்று காலையிலிருந்து ஒரு நீண்ட அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். என்ஜின் இடமாக ஓடிக்கொண்டிருந்தது. தாளாளர் சாயங்காலம்தான் வருவார் என்று நம்பிக் கதவைத் தாழ்போடாமல் விட்டிருந்தேன். அவர் மதியமே வந்துவிட்டார், பின்னால் தனம்மாள், சேலத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார், ஒரு கூட்டமே. வழக்கம்போல விளக்கம் கொடுத்தார். வழக்கம்போலக் கும்பிட்டார்கள். ஊதா வெளிச்சம் அவர்கள் முகத்திலெல்லாம் விழுந்தது.

தனம்மாள் மட்டும் கும்பிடவில்லை. சன்னலுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்க, இடமா சுத்தினா நிஜமாவே நின்னுடுமா?" என்றார்.

"அன்னிக்கு நீயும்தானே பாத்த? பட்டுனு நின்னுடுச்சே."

"அன்னிக்கு ஏதோ அறுந்துபோச்சுன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. அதுக்கப்புறம் ஒருதரமாவது மாத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இடமா சுத்தினா இன்னா ஆவும்?"

மூன்றரை வருஷத்தில் அந்த அறைக்குள் வந்தவர்களில் ஒருவர் கேட்டுவிட்டார். மாத்திப் பார்த்தீர்களா. இதைக் கேட்க பெங்களூரிலிருந்து யாரும் வரவேண்டியிருக்கவில்லை. தாளாளர் புன்சிரிப்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் வழக்கம்போலப் பேசாமல் நிற்பேன் என்ற நம்பிக்கை அந்தச் சிரிப்பில் இருந்தது. தொட்டியைப் பார்த்தேன். லாரியை நினைத்துக்கொண்டேன். பிரிசத்தை நினைத்துக்கொண்டேன். போனால் போகிறது என்று தோன்றியது, அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

"ஒண்ணும் ஆவாதும்மா," என்றேன். "இப்போ இடமாத்தான் சுத்திட்டிருக்குது. காலையிலேருந்து. நீங்கல்லாம் கும்பிட்டது இடமா சுத்தறதைத்தான்."

கும்பிட்ட கைகள் அப்படியே நின்றன. சம்பந்தி வீட்டார் தாளாளரைப் பார்த்தார்கள். தாளாளர் தொட்டியைப் பார்த்தார், திரையில் உயரத்தில் நிற்கிற கோட்டைப் பார்த்தார், மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறி, சிவந்து, மறுபடி வெளிறியது. இப்போது சொல்லப்போகிறார், காலி பண்ணு என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் கண்களில் மெல்ல நீர் கட்டியது.

"பாத்தீங்களா?" என்று சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பிரதட்சணமா சுத்தறத கூட தள்ளாம ஏத்துக்கறாரு பாருங்க. எவ்ளோ பெரிய மனசு. அதான்யா அண்ணாமலையார்!" பிறகு என் பக்கம் திரும்பி, "இத்தினி நாளா இத ஏம்மா எங்கிட்ட சொல்லல? நாளைக்கே அந்தப் பக்கமும் ஒரு அம்புக்குறி போடச் சொல்றேன்" என்றார்.

எல்லோரும் முன்னைவிடப் பக்தியோடு சன்னலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வேடியப்பன் எங்கிருந்தோ சூடத்தட்டோடு ஓடிவந்தார். தனம்மாள் என்னைப் பார்த்துத் தலையில் லேசாக அடித்துக்கொண்டார். இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல ஆறு மாதம் பயந்து செத்தேனே, இவரை எந்த உண்மையாலும் ஒன்றும் செய்யமுடியாது என்று தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தபோது எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. தொட்டியில் கை வைத்து நின்று, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன்.